தொப்பி யாருடையது?

நுவரெலியாவைச் சூழ்ந்த மலைகளில் தை மாதத்து விடியற்காலை எத்தகையது என்பதை அங்கு வாழ்ந்தவரே அறிவர். சில ஆண்டுகளில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தை ஒரே இரவிற் கருக்கிவிடுவதுண்டு. அத்தகைய காலைப்பொழுதொன்றில், இலண்டனிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் அன்புடன் தந்த தொப்பியை அணிந்துகொண்டு பாடசாலைக்குச் சென்றேன். 'ருவீட்' எனப்படும் தடித்த கம்பளித் துணியில் தைக்கப்பட்டது அது. உச்சி தட்டையானது; சிறிய முன்விளிம்பின்மேல் துணி படிந்து கிடப்பது. ஆங்கிலேயர் அதனைத் தட்டைத் தொப்பி என்பர்.

ஆசிரியர் அறையில் நுழைந்ததும், ஓய்வுபெறும் தறுவாயிலிருக்கும் கணித ஆசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "என்ன தம்பி, துரையாகிவிட்டீரோ?" என்றார். பதினோராம் தரத்து மாணவன் ஒருவன், "சேர், இது பீக்கி பிளைண்டர்ஸ் தொப்பிதானே!" என்று மகிழ்ந்தான். மாலையிற் சந்தித்த தோழர் ஒருவரோ என் தோளைத் தட்டி, "இப்போதுதான் ஐயா நீர் சரியான தொப்பியைப் போட்டிருக்கிறீர். லெனின் போட்ட தொப்பி!" என்றார்.

துரை, தெருச்சண்டியன், புரட்சியாளன். ஒரு தொப்பிக்கு ஒரே நாளில் மூன்று தலைகள் கிடைத்துவிட்டன. நான்காவது கூற்றொன்றும் உண்டு. தொப்பியோடு கடைக்காரர் வைத்திருந்த அட்டையொன்றில், இது காலத்தைக் கடந்தது, வர்க்கத்தைக் கடந்தது, எவர் தலைக்கும் பொருந்துவது என்னும் பொருள்பட அழகிய ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தனர். இந்நான்கனுள் முதல் மூன்றும் அரை உண்மைகள். நான்காவது முழுப்பொய். அரை உண்மைகளை நிறைவு செய்வதும் முழுப்பொய்யை மறுப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

'தொப்பிக்கு ஒரு கட்டுரையா? நாட்டில் வேறு பிரச்சினைகள் இல்லையா?' என்று கேட்கும் நண்பர்கள் இருப்பர். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். பொருள்களின் வரலாற்றை நாம் எழுதாவிடின் அவற்றை விற்பவர்கள் எழுதுவர். அவ்வாறு எழுதப்பட்ட வரலாற்றைத்தான் நம் மாணவர்கள் தொலைக்காட்சித் தொடரிலிருந்து கற்றுக்கொண்டு வருகின்றனர்.

தலையில் எதை அணிவது என்பது தனிமனித விருப்பம் என்போர்க்கு முதலில் ஒரு சட்டத்தை நினைவூட்டுதல் தகும். 1571ஆம் ஆண்டு, முதலாம் எலிசபெத்தின் ஆட்சியில், இங்கிலாந்துப் பாராளுமன்றம் தொப்பிச் சட்டமொன்றை இயற்றியது. ஆறு வயதுக்கு மேற்பட்டோர் ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாள்களிலும் உள்நாட்டிற் செய்த கம்பளித் தொப்பியை அணிதல் வேண்டும்; தவறின் தண்டம். கம்பளித் தொழிலைக் காப்பதே நோக்கம் எனப்பட்டது. ஆனால் பிரபுக்களுக்கும், வீரப்பட்டம் பெற்றோருக்கும், குறித்த அளவு நிலமுடைய கனவான்களுக்கும், உயர்குடிப் பெண்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. நாட்டின் தொழிலைக் காக்கும் பாரத்தை நிலமற்றவன் தலையிலேயே ஏற்றினார்கள் என்பதை இங்கு உவமையாகச் சொல்லவில்லை. 1597இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. அக்காலத்துத் தொப்பி பின்னப்பட்டது, இன்றைய வடிவினதன்று. எனினும் கம்பளித் தொப்பி ஏழையின் அடையாளம் என்பது அன்று சட்டத்தினாலேயே எழுதப்பட்டுவிட்டது. வர்க்கத்தைக் கடந்த தொப்பியாம்!

இனித் துணியைப் பார்ப்போம். ருவீட் என்பது ஸ்கொத்லாந்தின் துணி. 'ருவீல்' என்று எழுதப்பட்ட சொல்லை இலண்டன் வணிகரொருவர் அந்நாட்டு ஆறொன்றின் பெயராக மயங்கி வாசித்ததனால் இப்பெயர் நிலைத்தது என்பர். கதை எதுவாயினும், அத்துணியின் வரலாறு ஆற்றோரத்து அமைதியில் நிகழ்ந்ததன்று. 18ஆம் நூற்றாண்டின் பிற்கூறிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்தும், ஸ்கொத்லாந்தின் மலைநாட்டிலும் தீவுகளிலும் நிலப்பிரபுக்கள் குடியானவர்களைப் பரம்பரை நிலங்களிலிருந்து பெருந்தொகையாக வெளியேற்றினர். காரணம் ஆடு. குடியானவன் தரும் குத்தகையைக் காட்டிலும் கம்பளி ஆடு தரும் வருவாய் பெரிதாயிருந்தது. சதர்லாந்துப் பிரதேசத்தின் ஸ்ராத்னேவர் பள்ளத்தாக்கில் 1814இல் வீடுகளுக்குத் தீ வைத்தே மக்களை விரட்டினர். அதற்குப் பொறுப்பான பற்றிக் செல்லர் என்னும் முகாமையாளன் 1816இல் நீதிமன்றில் நிறுத்தப்பட்டான். குற்றமற்றவன் என விடுவிக்கவும் பட்டான். ஆட்டின் முதுகில் வளர்ந்த கம்பளியைப் புகழ்வோர், அந்த ஆடு எவர் அடுப்பங்கரையில் மேய்ந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

ருவீட் துணிகளுள் இன்று புகழ்மிக்கது ஹரிஸ் ருவீட். வடமேற்குக் கடலிலுள்ள வெளி ஹெபிரிடீஸ் தீவுகளில் நெய்யப்படுவது. அங்குள்ள மக்களின் மொழி கேலிக். தம் துணியை அவர்கள் 'க்ளோ மோர்', அதாவது பெருந்துணி என்றனர். பாறையிற் படரும் பாசியினத்தைச் சுரண்டியெடுத்துச் சாயமிட்டனர். நெய்த துணியைப் பெண்கள் பலகையைச் சூழ்ந்திருந்து, அடித்தும் கசக்கியும் இறுக்கினர். அவ்வேலையின் தாளத்திற்கேற்ப ஒருத்தி பாட, ஏனையோர் ஏற்றுப் பாடினர். நாட்டார் பாடலை உழைப்பிலிருந்து பிரித்தறிய முடியாது என்று வகுப்பறையில் நாம் ஏற்றப்பாட்டையும் நடவுப்பாட்டையும் காட்டிக் கற்பிக்கின்றோம். அவ்வுண்மைக்கு வடகடலிற் கிடைக்கும் சான்று இது.

ஹரிஸ் தீவின் உரிமையாளர் டன்மோர் பிரபு குடும்பத்தினர். 1840களின் நடுப்பகுதியில் உருளைக்கிழங்கு நோயினாற் பஞ்சம் வந்தபோது, அக்குடும்பத்துச் சீமாட்டி தீவுப் பெண்கள் நெய்த துணியைத் தம் உயர்குடி நண்பர்களிடையே பரப்பி விற்பனைக்கு வழிசெய்தார். விற்பனைக் கடைகள் இன்றும் இதனைக் கருணையின் கதையாகச் சொல்லுகின்றன. கருணையை நான் மறுக்கவில்லை. ஆனால் துணி விற்ற காசில் ஒரு பங்கு குத்தகையாக எந்த வீட்டுக்குத் திரும்பிச் சென்றது என்ற கேள்வியை அக்கதை கேட்பதில்லை. அயல் நிலமாகிய லூயிஸை 1844இல் வாங்கியவர் ஜேம்ஸ் மதீசன். அவருடைய செல்வம் சீன மக்களுக்கு அபின் விற்றுச் சேர்த்தது. அவர் கட்டிய கோட்டை ஸ்டோர்னோவே நகரில் இன்றும் நிற்கிறது. 1850களில் அவருடைய நிலங்களிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். சீனத்தில் ஒருவனை மயக்கிய காசு, லூயிஸில் மற்றொருவனை நாடற்றவனாக்கியது.

இதே காலத்தில் நிலப்பிரபுக்களிடையே புதியதொரு வழக்கமும் தோன்றியது. ஒவ்வொரு பெருநிலத்துக்கும் தனித்தனி வண்ணமும் கட்டமும் கொண்ட ருவீட்டை வகுத்து, வேட்டைக் காவலர்களுக்கும் ஏவலர்களுக்கும் அணிவித்தனர். மலைச்சரிவில் மானுக்குத் தெரியாதபடி மறைந்து நிற்கவும், இவன் எந்தப் பிரபுவின் ஆள் என்று தூரத்திலிருந்தே அறியவும் அது உதவியது. ஒரே துணியைப் பிரபு வேட்டைக்காகவும் ஏவலன் கட்டளைக்காகவும் அணிந்தனர். இன்று கடைகளில் 'கனவான்களின் பாரம்பரிய வடிவம்' என்று விற்கப்படுவன பல, ஒரு காலத்தில் வேலைக்காரனின் சீருடை என்பதைக் கனவானாக விரும்பி வாங்குவோர் அறிவாராக.

அத்தொப்பியைத் தொழிலாள வர்க்கம் எவ்வாறு தன்னுடையதாக்கியது? சுரங்கத்திலும் துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்தவனுக்கு மலிவும் சூடும் மழைதாங்கும் தன்மையும் வேண்டியிருந்தன. கம்பளித் தொப்பி அவற்றைத் தந்தது. 1892ஆம் ஆண்டு, பத்து வயதிலேயே சுரங்கத்தில் இறங்கிய கீர் ஹார்டி, இலண்டனின் தென் வெஸ்ற்ஹாம் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் புகுந்தார். மற்றவர்கள் பட்டுத் தொப்பியும் நீண்ட கறுப்பு அங்கியும் அணிந்திருக்க, அவர் ருவீட் உடையும் துணித் தொப்பியுமாக வந்தார். பத்திரிகைகள் சீறின. அவர் அன்று அணிந்தது உண்மையில் மான்வேட்டைக்குச் செல்வோர் அணியும் வகையைச் சேர்ந்தது என்றும் சொல்வர். அப்படியாயின் வேடிக்கை இன்னும் பெரிது. வேட்டைக்காரப் பிரபு அணிந்தால் நாகரிகம். சுரங்கத் தொழிலாளி அணிந்தால் அவமரியாதை. அதே ஹார்டி 1907இல் இந்தியாவுக்குச் சென்று சுயாட்சிக்காகப் பேசியபோதும் அப்பத்திரிகைகள் அவர்மீது பாய்ந்தன. அவர்களைக் கலக்கியது அவர் தொப்பியா, அதனுள்ளிருந்த தலையா என்பது அப்போது தெளிவாயிற்று.

1936 ஒக்ரோபரில் ஜாரோ நகரத்துக் கப்பல்கட்டும் தொழிலாளர்கள், வேலையின்மையை எடுத்துரைக்க 200 பேராக இலண்டனுக்கு நடந்து சென்றனர். அந்த அணிவகுப்பின் நிழற்படங்களைப் பார்த்தவர்கள் வரிசை வரிசையாய்த் தட்டைத் தொப்பிகள் நகர்வதைக் கண்டிருப்பர். பிரதமர் போல்ட்வின் அவர்களைச் சந்திக்க மறுத்தார். அதே ஆண்டுகளில் அதே வடிவத் தொப்பியோடு கனவான்கள் கொல்ஃப் ஆடிக்கொண்டிருந்தனர். இரு தொப்பிகளையும் ஒரு மேசையில் வைத்தால் வேறுபாடு காண்பது அரிது. ஒன்று நடந்தது, மற்றொன்று ஆடியது.

போராடியவனின் சின்னத்தை அழிக்க முடியாதபோது அதனைக் கேலிப்பொருளாக்குவது ஆளும் வர்க்கப் பண்பாட்டின் பழைய தந்திரம். 1957இல் 'டெய்லி மிரர்' பத்திரிகையில் அன்டி கப் என்னும் கேலிச்சித்திரத் தொடர் தோன்றியது. நாயகன் கண்ணை மறைக்கும் தட்டைத் தொப்பியைக் கழற்றாதவன்; வேலைக்குப் போகாதவன்; குடிப்பவன்; மனைவியை அடிப்பவன். வரைந்தவர் தொழிலாளர் குடும்பத்தவர், நகைச்சுவையில் வல்லவர். ஆயினும் ஜாரோவில் வேலை கேட்டு நடந்த தொப்பி, 20 ஆண்டுகளில் வேலைக்கஞ்சும் சோம்பேறியின் தொப்பியாகக் கோடிக்கணக்கானோர் கண்முன் நிறுத்தப்பட்டது.

2013இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய பீக்கி பிளைண்டர்ஸ் தொடர் அடுத்த படி. 1890களில் பேர்மிங்ஹாம் நகரத்து வறிய தெருக்களில் அப்பெயரால் அழைக்கப்பட்ட கும்பல்கள் இருந்தமை உண்மை. தொப்பியின் விளிம்பிற் சவர அலகைத் தைத்து எதிரியின் முகத்தைக் கிழித்தனர் என்பதுதான் நம் மாணவர்களைக் கவர்ந்த செய்தி. ஆனால் கழித்தெறியும் சவர அலகை ஜில்லெட் நிறுவனம் விற்கத் தொடங்கியதே 1903இல். வறிய இளைஞர்கள் அதற்கு முன்பே அதனைத் தொப்பியில் தைத்துத் திரிந்தனர் என்பது நம்பத்தக்கதன்று. வறுமை மறைந்தது, அலகு மட்டும் மின்னுகிறது. சேரிகளையும் வேலையின்மையையும் பற்றிய கதையாக இருக்கவேண்டியது, அழகிய உடையணிந்த வன்முறையின் கதையாகிவிட்டது. அத்தொடரில் வருவது எட்டுத் துண்டுகளாகத் தைத்து உச்சியிற் பொத்தான் வைத்த வேறொரு வகை என்பதை மாணவனுக்குச் சொன்னேன். அவன் சற்று ஏமாற்றமடைந்தான்.

தோழருக்கும் ஒரு சொல். லெனின் தொழிலாளியின் தொப்பி அணிந்தது உண்மை. ஆனால் 1917 ஏப்ரலில் அவர் நாடு திரும்பும் வழியில் ஸ்டொக்ஹோம் நகரத்தில் எடுத்த படத்தைப் பாரும். கனவான்களின் தொப்பி தலையில், குடை கையில். அடுத்த சில நாள்களில் வெளியிட்ட ஏப்ரல் ஆய்வுரைகளின் கூர்மையை அந்தத் தொப்பி மழுங்கச் செய்யவில்லை. சின்னத்தை அணிந்தவுடன் கடமை முடிந்தது என்று கருதுவது நம்மிடையே பரவியுள்ள நோய். தொப்பியணிந்து கூட்டத்துக்கு வருவோர் தொகை கூடுகிறது. கூலிப் போராட்டம் நடக்கும் தோட்டத்துக்கு ஏறிச் செல்வோர் தொகை கூடக் காணோம்.

இனிக் கணித ஆசிரியரின் கேலிக்கு வருகிறேன். என்னை உண்மையாகவே தைத்தது அதுதான். என் பாட்டனார் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. துரை எதிரே வந்தால் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாதையோரம் ஒதுங்கி நிற்கவேண்டும் என்று இளமையிற் பழக்கப்பட்டவர். துரை தலையில் எத்தகைய தொப்பி இருந்தது என்று சிறுவயதில் அவரைக் கேட்டதுண்டு. அவரால் சொல்ல முடியவில்லை. குனிந்த தலைக்கு அது தெரிந்திராது. மலைநாட்டுத் தோட்டங்களைத் திறந்த துரைமாரிற் பலர் ஸ்கொத்லாந்தினர். 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்நாட்டவரே. தொழிலாளிக்கும் தோட்டத்தில் கம்பளி தந்தார்கள். மழைக்கும் குளிருக்கும் போர்த்திக்கொள்ளும் முரட்டுக் கம்பளி. அதன் விலையைக் கூலியிற் பிடித்தார்கள்.

ஆகவே துரையின் உடைமீது எனக்கு வெறுப்பு வந்தால் அது இயல்பே. ஆனால் வெறுப்பு இடம் மாறிப் போகக்கூடாது. ருவீட்டை அணிந்தவன் துரையாக இருக்கலாம். நெய்தவன் யார்? நிலப்பிரபுவால் விரட்டப்பட்டு, கடலோரப் பாறைநிலத்தில் ஒதுக்கப்பட்டு, குத்தகைக்குக் காசு தேடி இரவில் தறியில் இருந்தவன். அவனும் தொப்பியைக் கழற்றிக் கையிற் பிடித்துக்கொண்டே குத்தகைப் பணத்தைக் கட்டினான். என் பாட்டனாரும் அவனும் ஒருவரையொருவர் அறியார். ஒரே பாடத்தை இரு மொழிகளிற் கற்பிக்கப்பட்டவர்கள். துரைத் தொப்பி என்று இதனைத் தூக்கியெறிந்தால் நான் எறிவது அந்த நெசவாளியின் உழைப்பையே.

அத்தீவு மக்கள் வாளாவிருக்கவில்லை. கிளர்ச்சிகளின் பயனாக 1886இல் குடியானவர் நிலவுரிமைச் சட்டத்தைப் பெற்றனர். பின்னர் தம் துணிக்கு உருண்டையும் சிலுவையும் கொண்ட வணிகக் குறியை விண்ணப்பித்துப் பெற்றனர். 1993இல் பிரித்தானியப் பாராளுமன்றம் தனிச்சட்டம் ஒன்றையே இயற்றியது. வெளி ஹெபிரிடீஸில் சாயமிட்டு நூற்ற புதுக் கம்பளியை, அத்தீவினர் தம் இல்லங்களில் கையால் நெய்து, அத்தீவுகளிலேயே முடித்த துணி மட்டுமே ஹரிஸ் ருவீட் எனப்படலாம். தறியை இன்றும் நெசவாளியின் கால்களே இயக்குகின்றன. தொழிலை அவன் வீட்டிலிருந்து பெயர்த்துப் பெருநகர ஆலைக்குக் கொண்டுசெல்ல முதலாளியால் இயலாதபடி ஒரு வேலி இடப்பட்டுள்ளது. குறைகள் உண்டு. 2006இல் இங்கிலாந்து வணிகரொருவர் ஸ்டோர்னோவேயின் பெரிய ஆலையை வாங்கி, ஆயிரக்கணக்கான வடிவங்களை நான்காகக் குறைத்தபோது நெசவாளர் பலர் வேலையிழந்தனர். சட்டம் பெயரைக் காத்தது. ஆலையின் உடைமை வேறு கையில் இருந்தது.

தொப்பியைத் தெரிந்தெடுக்க விரும்பும் வாசகர்க்கு இனி அறிவுரை சொல்லலாம். அளவுநாடாவைக் காதுகளுக்கும் புருவத்துக்கும் சற்று மேலாகத் தலையைச் சுற்றிப் பிடித்து அளவெடுங்கள். நெற்றியில் தடம் பதியவும் கூடாது, காற்றிற் பறக்கவும் கூடாது. துணியை விரலாற் கசக்கி விடுங்கள். நல்ல கம்பளி மீண்டும் நிமிரும். மீன்முள் போன்ற வரியாயினும் கட்டமாயினும், தையலின் இருபுறமும் வரிகள் சந்திக்கின்றனவா என்று நோக்குங்கள். தைத்தவரின் கவனம் அங்கே தெரியும். நேராக, முன்விளிம்பு புருவத்துக்கு மேலே நிற்க அணியுங்கள். நனைந்தால் அடுப்பருகே வைக்காமல் நிழலில் உலர்த்துங்கள். வெந்நீரிற் போட்டால் உங்கள் மகனுக்குத்தான் உதவும்.

இவற்றையெல்லாம் கடைக்காரரும் சொல்வார். அவர் சொல்லாததையும் பாருங்கள். என் தொப்பியின் உட்புறத்தில் அந்த உருண்டைக் குறி இருக்கிறது. நெய்தவன் எத்தீவினன் என்று எனக்குத் தெரியும். ஆனால் தைத்தவர் யார்? சட்டம் துணியோடு நின்றுவிடுகிறது. அத்துணியை எந்நாட்டுக்கும் கொண்டுசென்று எக்கூலிக்கும் தைப்பிக்கலாம். என் தொப்பியில் அதைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்ட நாள்முதல், பெயரில்லாத் தையல் என்பது என்னவென்று நம் நாட்டுப் பெண்கள் அறிவர். மலைநாட்டிலிருந்தும் வடக்கிலிருந்தும் தெற்குக் கிராமங்களிலிருந்தும் சென்ற நம் மாணவியர், எங்கோ ஒருவர் அணியும் ஆடைக்கு நாளெல்லாம் கை மட்டும் தைக்கின்றனர், அல்லது கழுத்துப்பட்டி மட்டும் தைக்கின்றனர். நெசவாளி போராடித் தன் பெயரைத் துணியிற் பொறித்துக்கொண்டான். தைப்பவளின் பெயர் பொறிக்கப்படும் நாள் இன்னும் வரவில்லை.

ஆசிரிய நண்பர்களே, ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். மாணவரைத் தம் சட்டைக் கழுத்தின் உட்புறத்திலுள்ள துண்டை வாசிக்கச் சொல்லுங்கள். அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எழுதச் சொல்லுங்கள். நான் அவ்வாறே செய்தேன். சண்டியன் தொப்பி என்று மகிழ்ந்த அந்த மாணவன் இறுதியில் எழுந்து, "அப்படியென்றால் சேர், எங்கள் அக்கா தைத்த சட்டை இப்போது யார் போட்டிருப்பார்கள்?" என்று கேட்டான். வகுப்பு அமைதியாயிற்று. அதற்கு விடை என்னிடம் இல்லை. ஆனால் கேள்வி சரியான இடத்தைத் தொட்டுவிட்டது.

தொப்பியை நான் இப்போதும் அணிகிறேன். குளிர் இன்னும் விடவில்லை. கணித ஆசிரியரும் ஒருநாள் வாங்கித் தம் தலையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சூடாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். வகுப்பறைக்குள் நுழைகையில் அதனைக் கழற்றி மேசைமேல் வைப்பேன். அங்கே கூரை இருக்கிறது. பாதையில் எவர் எதிரே வந்தாலும் அது தலையிலேயே இருக்கும். என் பாட்டனார் அவிழ்த்த துண்டுக்கு நான் செய்யக்கூடியது அவ்வளவேனும் உண்டு.